தாளும் பென்சிலும் கொண்டு கரும்பொருளைக் கணக்கிடும் முறை

கரும்பொருளை எந்தத் தொலைநோக்கியும் இதுவரை நேரடியாகப் படம்பிடித்ததில்லை. ஆனாலும் ஒரு விண்மீன் பேரடையில், அதாவது பேச்சில் நாம் கேலக்ஸி என்று சொல்லும் கூட்டத்தில், அது எவ்வளவு இருக்கிறது என்பதைப் பெருக்கலும் வகுத்தலும் தெரிந்த எவரும் ஒரு மாலைப் பொழுதில் கணக்கிட்டுவிடலாம். கடைக் கணக்கைத் தணிக்கை செய்பவர் இரண்டு ஏடுகளை அருகருகே வைத்து, ஒன்றில் உள்ள தொகை மற்றொன்றோடு ஒத்துப்போகிறதா என்று பார்ப்பாரே, நாம் செய்யப்போவதும் அதே வேலைதான். முதல் ஏடு, பேரடை சுழலும் வேகத்தைக் கொண்டு எழுதப்படுவது. இரண்டாவது ஏடு, அது வீசும் ஒளியைக் கொண்டு எழுதப்படுவது. இரண்டுக்கும் இடையே விழும் துண்டுக்குத்தான் கரும்பொருள் என்று பெயர். அது எதனால் ஆனது என்பது அதற்குப் பிறகு எழும் கேள்வி; துண்டு விழுகிறது என்பதை முதலில் நம் கையாலேயே போட்டுப் பார்த்துவிடுவது நல்லது.

ஒரு வரைபடத்தாள், பென்சில், வர்க்கம் காணக்கூடிய சாதாரணக் கணிப்பான் ஆகியவை போதும்.

சூரியக் குடும்பத்தில் ஒரு பயிற்சி

பேரடைக்குப் போகும் முன், விடை தெரிந்த ஓரிடத்தில் முறையைச் சோதித்துக்கொள்ள வேண்டும். ஒரு பொருள் வட்டப்பாதையில் சுற்றுகிறது என்றால், அதை விலகி ஓடவிடாமல் உள்ளே இழுத்துப் பிடிக்கும் நிறை எவ்வளவு என்பதை, அதன் வேகத்தின் வர்க்கத்தை மையத்திலிருந்து அதன் தூரத்தால் பெருக்கிக் கண்டுகொள்ளலாம். பூமி நொடிக்கு 29.8 கி.மீ. வேகத்தில் சுற்றுகிறது, சூரியனிலிருந்து அதன் தூரத்தை 1 என்று வைத்துக்கொண்டால், பெருக்குத்தொகை 888 வருகிறது. வியாழன் 5.2 மடங்கு தூரத்தில் நொடிக்கு 13.06 கி.மீ. வேகத்தில் போகிறது, வர்க்கப்படுத்திப் பெருக்கினால் 887. நெப்டியூன் 30.1 மடங்கு தூரத்தில் 5.43 கி.மீ. வேகத்தில் மெல்ல நகர்கிறது. பெருக்கினால் மீண்டும் ஏறத்தாழ 887.

மூன்று கோள்களும் ஒரே விடையைத் தருவதற்குக் காரணம், சூரியக் குடும்பத்தின் நிறையில் ஏறத்தாழ முழுவதும் நடுவில் உள்ள சூரியனிடமே இருக்கிறது என்பதுதான். பூமியின் பாதைக்கும் நெப்டியூனின் பாதைக்கும் இடையே சொல்லத்தக்க எடை எதுவும் புதிதாகச் சேரவில்லை. அதனால் தூரம் கூடக்கூட வேகம் குறைந்துகொண்டே போகிறது. இந்த மூன்று புள்ளிகளையும், கிடைக்கோட்டில் தூரமும் நெடுக்கோட்டில் வேகமும் வருமாறு வரைபடத்தாளில் குறித்து ஒரு வளைகோட்டால் இணைத்துவிடுங்கள். மேலிருந்து சரிந்து இறங்கும் இந்தக் கோட்டின் வடிவத்தை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும், ஏனென்றால் நடுவில் எடை குவிந்திருக்கும் எந்த அமைப்பும் இப்படித்தான் சரிய வேண்டும்.

பேரடைகளுக்கு வேறொரு அளவுகோல் வேண்டும். தூரத்தை ஒளியாண்டிலும், வேகத்தை நொடிக்கு எத்தனை கி.மீ. என்றும் எடுத்துக்கொண்டு, வேகத்தின் வர்க்கத்தைத் தூரத்தால் பெருக்கி, வரும் தொகையை 71 ஆல் பெருக்கினால், அந்தப் பாதைக்கு உட்புறம் எத்தனை சூரியன்களின் நிறை இருக்கிறது என்பது கிடைத்துவிடும். நியூட்டனின் ஈர்ப்பு மாறிலி, ஓர் ஒளியாண்டின் நீளம், சூரியனின் நிறை ஆகிய மூன்றையும் ஒன்றாகச் சேர்த்துச் சுருக்கியதில் வருவதுதான் இந்த 71. பயிற்சி முழுவதற்கும் இந்த ஓர் எண் போதும்.

பேரடையின் வேகத்தைப் படிப்பது

இந்தப் பயிற்சிக்கு என்.ஜி.சி. 3198 என்ற சுருள் பேரடையைப் பரிந்துரைக்கிறேன். சப்தரிஷி மண்டலம் அமைந்துள்ள பெருங்கரடிக் கூட்டத்தில் அது இருக்கிறது. அமைதியாக, அண்டைப் பேரடைகளின் இழுபறியில் சிக்காமல், ஒழுங்காகச் சுழல்வதால் ஆய்வாளர்களுக்கு நீண்டகாலமாகவே செல்லப்பிள்ளை. நெதர்லாந்தின் வெஸ்டர்போர்க் ரேடியோ தொலைநோக்கியைக் கொண்டு அதன் சுழற்சி அளக்கப்பட்டு, 1985 இல் வெளியான ஆய்வு, கரும்பொருள் வரலாற்றில் அதிகம் எடுத்தாளப்படும் ஆய்வுகளுள் ஒன்று.

அவ்வளவு தொலைவில் இருப்பதன் வேகத்தை எப்படி அளப்பது? பேரடையின் வட்டில் விண்மீன்கள் தீர்ந்துபோன இடத்துக்கு வெகு அப்பாலும் குளிர்ந்த ஹைட்ரஜன் வாயு மெலிதாகப் பரவியிருக்கும். அந்த ஹைட்ரஜன் அணு, 21 செ.மீ. அலைநீளத்தில், அதாவது 1420.4 மெகாஹெர்ட்ஸ் அதிர்வெண்ணில், ஒரு ரேடியோ அலையை வெளியிடுகிறது. நெதர்லாந்தின் ஹென்க் வான் டி ஹுல்ஸ்ட் 1944 இலேயே இதை முன்கூட்டிச் சொன்னார். 1951 இல் ஹார்வர்டில் யூவனும் பர்செலும் அதைப் பிடித்தார்கள். புனேவுக்கு வடக்கே கோடத் கிராமத்தை மையமாக வைத்துப் பரந்துகிடக்கும், ஒவ்வொன்றும் 45 மீட்டர் விட்டமுள்ள 30 வலைக்கிண்ண ரேடியோ தொலைநோக்கிகளும் இன்று இதே அலையைத்தான் பல பேரடைகளிலிருந்து பெறுகின்றன. ரயில் நெருங்கும்போது அதன் ஊதல் சுருதி ஏறியும், கடந்து போன பின் இறங்கியும் கேட்பதைப் போல, நம்மை நோக்கி வரும் வாயுவின் அலை சற்று உயர்ந்த அதிர்வெண்ணிலும் விலகிப் போகும் வாயுவின் அலை சற்றுத் தாழ்ந்த அதிர்வெண்ணிலும் வந்து சேரும். இந்த டாப்ளர் விலகலை வேகமாக மாற்றிக்கொள்ள வேண்டும்.

இதில் புதியவர்கள் வழக்கமாகத் தடுக்கி விழும் இடங்கள் இரண்டு உண்டு. முதலாவது, பேரடை முழுவதுமே பேரண்டத்தின் விரிவினால் நம்மைவிட்டு விலகிக்கொண்டிருக்கிறது; என்.ஜி.சி. 3198 விலகும் வேகம் நொடிக்குச் சுமார் 660 கி.மீ. ஆகவே ஒரு விளிம்பு 803 என்றும் எதிர் விளிம்பு 517 என்றும் காட்டினால், இவற்றின் வித்தியாசத்தில் பாதியான 143 ஐத்தான் சுழற்சிக்கு உரியதாகக் கொள்ள வேண்டும். இரண்டாவது, பேரடை நமக்கு முழுமையாகப் பக்கவாட்டில் திரும்பி நிற்பதில்லை. முழுப் பக்கவாட்டை 90 பாகை என்று கொண்டால், இது சுமார் 72 பாகை சாய்ந்திருக்கிறது. 72 பாகையின் சைன் மதிப்பு 0.951. பார்வைக்கோட்டில் கிடைத்த 143 ஐ இதனால் வகுத்தால், உண்மையான சுழற்சி வேகம் 150 கி.மீ. என்று கிடைக்கிறது. நம்மை நேருக்கு நேர் முகம் காட்டி நிற்கும் பேரடைகளில் இந்தத் திருத்தம் மிகப் பெரிதாகிவிடும் என்பதால், அழகான படங்களில் தட்டுபோல் விரிந்து தெரிவனவற்றை இந்தக் கணக்குக்குத் தேர்ந்தெடுக்கக் கூடாது. அழகுக்கும் அளவுக்கும் இங்கே ஆகாது.

முதல் ஏடு

இப்போது புள்ளிகளைக் குறிக்கலாம். என்.ஜி.சி. 3198 இன் சுழற்சி வேகம் மையத்திலிருந்து விரைவாக ஏறி, ஏறத்தாழ 150 கி.மீ. ஐ எட்டுகிறது. 33,000 ஒளியாண்டுத் தூரத்தில் அது சுமார் 150. அதைப்போல் மூன்று மடங்கு தூரமான 98,000 ஒளியாண்டில், ஒளிவீசும் வட்டு எப்போதோ மங்கி முடிந்துவிட்ட அந்த வெளியிலும், அது சுமார் 150 தான். சரிய வேண்டிய கோடு, அடிக்கோல் வைத்து வரைந்ததுபோல் கிடையாக நீண்டுகொண்டே போகிறது.

பெருக்கிப் பாருங்கள். 150 இன் வர்க்கம் 22,500. அதை 33,000 ஆலும் 71 ஆலும் பெருக்கினால், ஏறத்தாழ 5,270 கோடி சூரியன்கள். தூரத்தை மட்டும் 98,000 என்று மாற்றினால், ஏறத்தாழ 15,660 கோடி சூரியன்கள். சூரியக் குடும்பத்தில் எங்கே நின்று கணக்கிட்டாலும் ஒரே நிறை வந்தது. இங்கோ வெளியே போகப்போக, தூரத்துக்கு நேர்விகிதத்தில் நிறை கூடிக்கொண்டே இருக்கிறது. விண்மீன்கள் ஏறக்குறைய இல்லாத பகுதியில் மட்டும் பத்தாயிரம் கோடிச் சூரியன்களுக்கு மேல் எடை சேர்ந்திருக்கிறது.

இந்தத் தட்டையான கோடு ஒரே நாளில் நம்பப்பட்டுவிடவில்லை. 1970 இல் வேரா ரூபினும் கென்ட் ஃபோர்டும், ஃபோர்டு உருவாக்கிய நுண்ணுணர் நிறமாலைக் கருவியைக் கொண்டு, ஆந்திரமேடா பேரடையில் ஒளிரும் வாயு முகில்கள் 67 இன் வேகங்களை ஒவ்வொன்றாக அளந்தார்கள். வெளிவட்டாரத்திலும் வேகம் எதிர்பார்த்தபடி சரியவில்லை. ஒரு பேரடை அப்படி இருக்கலாம் என்று ஒதுக்க முடிந்தது. 1970களின் இறுதிக்குள் ஒன்றன்பின் ஒன்றாகப் பல சுருள் பேரடைகளை அவர்கள் அளந்து காட்டியபோது, ரேடியோ அளவீடுகளும் அதையே சொன்னபோது, ஒதுக்க முடியாமல் போயிற்று. ஒரு புள்ளிவிவரம் நம்பப்படுவதற்கு அது துல்லியமாக இருந்தால் மட்டும் போதாது, சலிக்காமல் திரும்பத் திரும்ப வரவும் வேண்டும் என்பது இந்த வரலாற்றைப் படிக்கும்போதெல்லாம் எனக்குத் தோன்றும்.

இரண்டாவது ஏடு

ஒளியை எடையாக மாற்றுவது வேகத்தை எடையாக மாற்றுவதைவிடச் சிக்கலானது. நீல நிற இளம் விண்மீன் குறைந்த எடையில் நிறைய ஒளி வீசும்; சிவந்த சிறு விண்மீன் தன் எடைக்கு மிகக் கொஞ்சமே ஒளி வீசும். ஆகவே ஒரு பேரடையின் ஒளியைப் பார்த்து எடை சொல்பவர், அதில் எந்த வகை விண்மீன்கள் எந்த அளவில் கலந்திருக்கின்றன என்று ஊகித்தாக வேண்டும். இந்தச் சங்கடத்தைத் தவிர்க்க ஒரு நேர்மையான வழி இருக்கிறது. கரும்பொருளே இல்லை என்று வாதாடுபவரின் பக்கம் நின்று, விண்மீன்களுக்கு அதிகபட்சம் எவ்வளவு எடை கொடுக்க முடியுமோ அவ்வளவையும் கொடுத்துவிடுங்கள். உட்பகுதியில் அளந்த வேகத்தை மீறாத வரையில் எவ்வளவு வேண்டுமானாலும் கொடுக்கலாம். அப்படித் தாராளமாகக் கொடுத்தாலும் என்.ஜி.சி. 3198 இன் விண்மீன் வட்டு சுமார் 3,100 கோடி சூரியன்களைத் தாண்டுவதில்லை. ஹைட்ரஜன் வாயுவையும் அதனோடு கலந்த ஹீலியத்தையும் சேர்த்தால், மொத்தம் 3,700 கோடிக்கு அருகில் நிற்கிறது.

15,660 கோடியிலிருந்து 3,700 கோடியைக் கழித்தால் ஏறத்தாழ 12,000 கோடி மிஞ்சுகிறது. தெரியும் பொருளைப் போல் மூன்று மடங்குக்கும் அதிகமான இந்தத் துண்டுதான் நாம் தேடியது. இதை வேறு விதமாகவும் சரிபார்க்கலாம்: 3,700 கோடி மட்டுமே இருந்திருந்தால், 98,000 ஒளியாண்டில் உள்ள வாயு நொடிக்குச் சுமார் 73 கி.மீ. வேகத்தில்தான் சுற்ற முடியும். அது 150 இல் சுற்றியும் பிய்த்துக்கொண்டு ஓடாமல் இருக்கிறது.

விடையை எந்த அளவுக்கு நம்பலாம் என்பதையும் சொல்லியாக வேண்டும். நம் பெருக்கல், நிறை உருண்டையாகப் பரவியிருப்பதாக எடுத்துக்கொள்கிறது. வட்டாகப் பரவியிருந்தால் விடை சிறிது மாறும். 1985 ஆய்வு இந்தப் பேரடை சுமார் 3 கோடி ஒளியாண்டுத் தூரத்தில் இருப்பதாக வைத்துக்கொண்டது; பிறகு ஹபிள் தொலைநோக்கியால், ஒளி ஏறி இறங்கும் கால அளவைக் கொண்டு தூரம் காண உதவும் சீஃபீட் விண்மீன்களை வைத்து அளந்ததில் தூரம் சுமார் 4.5 கோடி ஒளியாண்டு என்று தெரிந்தது. அதன்படி இரண்டு ஏடுகளிலும் எண்கள் பெரிதாகும், துண்டின் அளவும் மாறும், ஆனால் துண்டு விழுவது நிற்காது. கோடு தட்டையாக இருப்பது தூரத்தைச் சார்ந்ததே அல்ல.

நம் வாசலில் ஏன் தெரியவில்லை?

பேரடை முழுவதும் கரும்பொருள் நிறைந்திருக்கிறது என்றால் கோள்களின் கணக்கில் அது ஏன் தலைகாட்டவில்லை என்ற கேள்வி, முதல் பயிற்சியைக் கவனமாகச் செய்தவர்களுக்கு இந்நேரம் வந்திருக்க வேண்டும். இதற்கும் பென்சிலாலேயே விடை காணலாம். சூரியனின் சுற்றுப்புறத்தில் கரும்பொருளின் அடர்த்தி, ஒரு கன சென்டிமீட்டருக்கு ஒரு புரோட்டான் நிறையில் மூன்றில் ஒரு பங்கு முதல் ஐந்தில் இரண்டு பங்கு வரை இருக்கும் என்று மதிப்பிடப்படுகிறது. பூமி அளவுள்ள ஓர் உருண்டைக்குள் இதைப் பெருக்கிப் பார்த்தால், ஒரு கிலோகூடத் தேறாது. அரைக் கிலோவுக்கும் முக்கால் கிலோவுக்கும் இடைப்பட்ட அளவுதான். நெப்டியூன் பாதை வரையிலான மாபெரும் உருண்டை முழுவதையும் எடுத்துக்கொண்டாலும், சீரிஸ் என்ற குறுங்கோளின் எடையில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட வராது. கரும்பொருள் விண்மீன்களைப் போலச் செறிந்து குவியாமல் மிக மெலிதாகப் பரவிக்கிடக்கிறது. விண்மீன்களுக்கு இடையிலான வெறுமை அளவிட முடியாத அளவுக்குப் பெரிது என்பதால்தான், அந்த மெலிவும் கூட்டிப் பார்க்கும்போது கோடிக்கணக்கான சூரியன்களாகிறது.

வேறு சாட்சிகள்

ஒரே முறையில் விழுந்த துண்டை, அந்த முறையின் கோளாறு என்று தள்ளிவிட முடியும். எனவே சுழற்சியோடு தொடர்பில்லாத சாட்சிகளையும் கேட்க வேண்டும். 1933 இல் ஃபிரிட்ஸ் சுவிக்கி, கோமா பேரடைத் திரளில் உள்ள பேரடைகள் நொடிக்கு ஆயிரம் கி.மீ. அளவில் கன்னாபின்னாவென்று பாய்வதைக் கவனித்தார். தெரியும் எடை அவற்றைக் கட்டிவைக்கப் போதவே போதாது என்று கண்டு, இருண்ட பொருள் என்று பொருள்படும் ஜெர்மன் சொல்லை அங்கே பயன்படுத்தினார். அவர் போட்ட துண்டு, பேரண்ட விரிவின் வேகம் அக்காலத்தில் மிகையாக மதிப்பிடப்பட்டிருந்ததால், இன்றைய கணக்கைவிடப் பல மடங்கு பெரிதாக வந்தது. ஆனால் துண்டு உண்மையானது.

எனக்கு மிகவும் வலுவாகப் படும் சாட்சி தோட்டாத் திரள். இரண்டு பேரடைத் திரள்கள் மோதி ஒன்றையொன்று ஊடுருவிச் சென்ற இடம் அது. திரள்களில் விண்மீன்களைவிடச் சூடான வாயுவே பல மடங்கு எடை மிக்கது. மோதலில் அந்த வாயு உரசிக்கொண்டு நடுவிலேயே பின்தங்கிவிட்டதைச் சந்திரா எக்ஸ் கதிர்த் தொலைநோக்கி காட்டியது. எடை தன் ஈர்ப்பால் ஒளியை வளைக்கும் என்பதால், பின்புலப் பேரடைகளின் ஒளி எந்தப் பக்கம் எவ்வளவு வளைகிறது என்பதைக் கொண்டு எடை எங்கே இருக்கிறது என்று 2006 இல் வரைந்து பார்த்தபோது, அது வாயு இருக்கும் நடுவில் இல்லை. உரசலின்றிக் கடந்து போன பேரடைகளோடு இருபுறமும் விலகி நின்றது. தெரியும் பொருள் ஓரிடத்திலும் எடை வேறோரிடத்திலும் இருக்கிறது என்றால், கணக்குப் போட்டதில் பிழை என்ற வாதம் பெரிதும் வலுவிழக்கிறது.

ஈர்ப்பு விதியையே திருத்த வேண்டும் என்று 1983 இல் மோர்டெஹாய் மில்க்ரோம் முன்வைத்த கருத்தை இங்கே மறைக்கக் கூடாது. தனிப் பேரடைகளின் சுழற்சிக் கோடுகளை அது வியக்கத்தக்க முறையில் விளக்குகிறது. திரள்களுக்கு வரும்போதோ, அதிலும் துண்டு மிஞ்சுகிறது.

காணாமல்போன எடை வழக்கமான பொருளாகவே இருக்கலாமே என்ற ஐயமும் இயல்பானது. செத்த விண்மீன்களும் கருந்துளைகளும் போன்ற செறிந்த பொருள்கள் நமக்கு அருகிலுள்ள சிறு பேரடைகளான மெகல்லானிய முகில்களின் விண்மீன்களுக்கு முன்னால் கடந்து, அவற்றின் ஒளியை ஈர்ப்பால் குவித்துச் சில நாட்களோ வாரங்களோ பிரகாசமாக்குகின்றனவா என்று 1990களில் ஆண்டுக்கணக்கில் காத்திருந்து பார்த்தார்கள். கிடைத்த நிகழ்வுகள் துண்டை அடைக்கப் போதவில்லை. நியூட்ரினோ என்ற நுண்துகள்கள் எண்ணிக்கையில் ஏராளம் என்றாலும், எடை குறைந்து அதிவேகமாகப் பாய்வதால் சிறு பேரடைகளுக்குள் அடங்கி நிற்பதில்லை.

பேரண்டத்தில் அதற்கு என்ன வேலை?

இதையும் ஒரு பெருக்கலில் காணலாம். பேரண்டம் பிறந்து 3,80,000 ஆண்டுகள் ஆனபோது ஒளி முதன்முதலாகத் தடையின்றிப் பயணிக்கத் தொடங்கியது. அந்த ஒளி இன்று நுண்ணலைப் பின்புலமாக எல்லாத் திசைகளிலிருந்தும் வருகிறது. அதன் வெப்பநிலையில் உள்ள ஏற்றத்தாழ்வு லட்சத்தில் ஒரு பங்கு. அதாவது சாதாரணப் பொருள் அன்று அநேகமாகச் சமமாகப் பரவியிருந்தது. அடர்ந்த இடங்கள் சராசரியைவிட லட்சத்தில் ஓரிரு பங்குதான் அடர்ந்திருந்தன. ஈர்ப்பினால் இந்த வேறுபாடு வளர்ந்தது, ஆனால் பேரண்டம் விரியும் அளவுக்கு நேர்விகிதத்தில் மட்டுமே வளர முடியும். அன்றிலிருந்து இன்றுவரை பேரண்டம் சுமார் 1,100 மடங்கு விரிந்திருக்கிறது. லட்சத்தில் ஒன்றை 1,100 ஆல் பெருக்கினால், நூற்றில் ஒன்று. நூற்றுக்கு ஒரு பங்கு கூடுதல் அடர்த்தியில் பேரடை எதுவும் உருவாகாது. இன்றைய வானம் மெல்லிய மூட்டமாகவே இருந்திருக்க வேண்டும்.

கரும்பொருள் இந்த இடத்தில்தான் தேவைப்படுகிறது. சாதாரணப் பொருள் தொடக்கத்தில் ஒளியோடு பிணைந்து கிடந்தது. குவிய முயன்ற ஒவ்வொரு முறையும் ஒளியின் அழுத்தம் அதைத் தள்ளிவிட்டது. ஒளியோடு எந்த உறவும் இல்லாத கரும்பொருளுக்கு அந்தத் தடை இல்லை. அது முன்னதாகவே குவியத் தொடங்கி, பள்ளங்களைத் தோண்டி வைத்திருந்தது. ஒளியின் பிடி விட்டதும், மழைநீர் தாழ்ந்த நிலம் தேடி ஓடுவதைப் போல, ஹைட்ரஜனும் ஹீலியமும் அந்தப் பள்ளங்களில் போய் விழுந்து, குளிர்ந்து, விண்மீன்களாயின. பிளாங்க் விண்கலம் இந்தப் பின்புல ஒளியை அளந்து தந்த கணக்கின்படி, பேரண்டத்தின் மொத்தத்தில் சாதாரணப் பொருள் சுமார் 5 விழுக்காடு, கரும்பொருள் சுமார் 26.5 விழுக்காடு, எஞ்சியது, பேரண்ட விரிவை விரைவுபடுத்துவதாகக் கருதப்படும் இருண்ட ஆற்றல். என்.ஜி.சி. 3198 இல் துண்டு மூன்று மடங்குதான் வந்தது, இங்கே ஐந்து மடங்குக்கும் மேல் வருகிறதே என்று தோன்றினால், ஹைட்ரஜன் தீர்ந்துபோகும் இடத்தில் நம் அளவுகோல் நின்றுவிட்டது என்பதையும், கரும்பொருள் அங்கே நின்றுவிடவில்லை என்பதையும் நினைவுகொள்ள வேண்டும்.

அந்தப் பொருளின் துகளை நேரடியாகப் பிடிக்கும் முயற்சி தனியாக நடந்துகொண்டிருக்கிறது. அமெரிக்காவின் தெற்கு டகோட்டாவில், கைவிடப்பட்ட தங்கச் சுரங்கம் ஒன்றில் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோமீட்டர் ஆழத்தில், ஏழு டன் திரவ செனானை வைத்து எல்.இசட். சோதனைக் குழு காத்திருக்கிறது. ஐயத்துக்கு இடமில்லாத தடயம் எதுவும் இதுவரை அங்கே விழவில்லை.

அடுத்து எந்தப் பேரடை?

என்.ஜி.சி. 3198 ஐ முடித்தவர்கள், ஸ்பார்க் என்ற தரவுத் தொகுப்பை இணையத்தில் தேடி இறக்கிக்கொள்ளலாம். 2016 இல் வெளியான அதில் 175 பேரடைகளின் சுழற்சி வேகங்களும், விண்மீன்களுக்கும் வாயுவுக்கும் தனித்தனியாக ஒதுக்கிய பங்குகளும் அட்டவணையாகவே இருக்கின்றன. பெரிய பேரடைகளை விட்டுவிட்டு, டி.டி.ஓ. 154 என்ற குள்ளப் பேரடையை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். அதன் வேகம் நொடிக்கு 47 கி.மீ. தான், அளவீடு எட்டும் கடைசித் தூரம் சுமார் 19,000 ஒளியாண்டு. 47 இன் வர்க்கத்தை 19,000 ஆலும் 71 ஆலும் பெருக்கினால் ஏறத்தாழ 300 கோடி சூரியன்கள் வரும். அதன் விண்மீன்களையும் வாயுவையும் ஒன்றாகக் கூட்டினால் 40 கோடியைச் சுற்றித்தான் தேறும், அதிலும் பெரும்பகுதி வாயுவே. விண்மீன்களுக்கு எவ்வளவு எடை கொடுப்பது என்ற தகராறு இந்தப் பேரடையில் விடையை ஏறக்குறைய அசைப்பதே இல்லை என்பதால், துண்டைச் சந்தேகிப்பவரோடு உட்கார்ந்து கணக்குப் போடுவதற்கு இதைவிடப் பொருத்தமானது கிடைக்காது.